கேமரா மாறிவிட்டது, ஃபில்டர்களை என்ன செய்வது?

2006 இறுதியில் ஜெர்மனியின் லைகா நிறுவனம் எம்8 கேமராவை வெளியிட்டது. ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களுக்குப் பேர்போன அந்த நிறுவனத்தின் எம் வரிசையில் முதல் டிஜிட்டல் கேமரா அதுதான். விலை ஐயாயிரம் டாலரை ஒட்டி இருந்தது. அவ்வளவு கொடுத்து வாங்கியவர்கள் விருந்துகளிலும் திருமணங்களிலும் படம் எடுத்துப் பார்த்தால், கறுப்புக் கோட்டு போட்டவர்களில் பலர் கத்தரிப்பூ நிறத்தில் வந்து நின்றார்கள். எல்லாக் கறுப்பும் அப்படி மாறவில்லை. செயற்கை இழைத் துணிகளில்தான் பெரும்பாலும் இந்தக் கூத்து.

அந்தத் துணிகள் கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும். நமக்குத் தெரியாவிட்டாலும் சிலிக்கான் சென்சாருக்கு அகச்சிவப்பு தெரியும். அதனால்தான் டிஜிட்டல் கேமராக்களில் சென்சாருக்கு முன்னாலேயே அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடித் தகடு ஒன்றை வைக்கிறார்கள். எம்8-இல் அந்தத் தகடு வெறும் அரை மில்லிமீட்டர். ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்கள் சென்சாரை மிகவும் ஒட்டி உட்காருபவை. ஓரங்களில் ஒளி சாய்வாக வந்து விழும். நடுவில் தடித்த கண்ணாடி இருந்தால் ஓரத்துக் கூர்மை கெட்டுவிடும். கூர்மைக்காகத் தகட்டை மெலிதாக்கப் போய், கறுப்பைக் கோட்டைவிட்டார்கள். கடைசியில், லென்ஸின் முன்னால் மாட்டிக்கொள்ளும் அகச்சிவப்புத் தடுப்பு ஃபில்டர் இரண்டை, எம்8 வாங்கியவர்களுக்கு இலவசமாகக் கொடுத்துச் சமாளித்தது நிறுவனம்.

2009-இல் எம்9 வந்தது. இந்த முறை சென்சார்த் தகட்டிலேயே குறையைச் சரிசெய்துவிட்டார்கள். எம்8-ஐ விற்று எம்9 வாங்கியவர் கையில் அந்த ஃபில்டர்கள் மிச்சமாக நின்றன. லென்ஸ் அதேதானே, ஃபில்டர் பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட முடியாது. அந்த வகை ஃபில்டரில், ஒளி சாய்வாக நுழைந்தால் தடுப்பு எல்லை நகர்ந்து சிவப்பையும் கொஞ்சம் கடித்துவிடும். அகலக்கோண லென்ஸில் படத்தின் மூலைகள் பச்சை கலந்த நீலமாக மாறும். எம்8-இல் இந்தப் பக்கவிளைவைத் திருத்தும் ஏற்பாடு கேமராவின் மென்பொருளிலேயே இருந்தது. எம்9-இல் ஃபில்டரே தேவையில்லை என்றான பிறகு, அதை மாட்டிவைப்பது வலியப் போய் வம்பை வாங்குவதுதான்.

லைகா வாங்குகிறவர்கள் நம்மில் எத்தனை பேர் என்பது இருக்கட்டும். ஃபில்டர் லென்ஸோடு திருகப்படுகிறது, ஆனால் அதற்கு வேலை உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது லென்ஸுக்குப் பின்னால் இருப்பவை: சென்சார், அதன்மேல் உள்ள கண்ணாடி, இடையில் கண்ணாடி (அதாவது மிரர்) இருக்கிறதா என்பது. பாடியை மாற்றும்போது மாறுவது இவைதான். இதோடு இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த ஃபில்டர் செய்வதைப் படம் எடுத்த பிறகு கணினியில் செய்ய முடியுமா? முடியாது என்றால், அந்த ஃபில்டரைச் சட்டென்று கைவிடாதீர்கள்.

பெரும்பாலானவர்களின் பையில் முதலில் அகப்படுவது யூவி ஃபில்டர். ஃபிலிம் காலத்தில் இதற்கு நியாயமான வேலை இருந்தது. ஃபிலிமில் உள்ள வெள்ளி உப்புகள் புற ஊதாவுக்கும் நீலத்துக்கும் இயல்பாகவே எளிதில் வசப்படும். மலைமேல் நின்று தூரத்துச் சிகரங்களை எடுத்தால் நீலம் பூசியது போன்ற மங்கல் வந்து சேரும். அதைக் குறைக்கத்தான் யூவியும், லேசான ரோஸ் நிறத்தில் வரும் ஸ்கைலைட்டும். இன்றைய டிஜிட்டல் கேமராவில் சென்சார் முன்னால் உள்ள தகடுகளே புற ஊதாவின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகின்றன. லென்ஸ் கண்ணாடியும் தன் பங்குக்கு விழுங்கிவிடும். ஆக, யூவியை யூவிக்காக மாட்டுவதில் பொருள் இல்லை. கடையில் லென்ஸோடு சேர்த்து அதைத் தலையில் கட்டும்போது சொல்வதும் வேறு காரணம்தான்: 'லென்ஸுக்குப் பாதுகாப்பு சார்.'

பாதுகாப்பு என்பதும் பாதிதான் உண்மை. லென்ஸின் முன் கண்ணாடி தடிமனானது, லேசில் உடையாது. ஃபில்டர் கண்ணாடியோ மெல்லியது. கீழே விழுந்து ஃபில்டர் நொறுங்கினால், லென்ஸைக் காப்பாற்றிவிட்டது என்று மகிழ்கிறோம். அந்த அடியை லென்ஸே தாங்கியிருக்கவும் கூடும். உடைந்த சில்லுகளே லென்ஸைக் கீறுவதும் உண்டு. இடிபடுவதற்கு ஃபில்டரைவிட லென்ஸ் ஹுட்தான் நல்ல காவல். ஆனால் கடற்கரையின் உப்புச்சாரல், மணமேடையில் தெளிக்கும் பன்னீர், ஹோமப் புகை, ஹோலிப் பொடி ஆகியவற்றுக்கு ஹுட் உதவாது. கேனனின் சில எல் வகை லென்ஸ்கள், 17-40 போல, முன்னால் ஃபில்டர் மாட்டினால்தான் தூசிக்கும் நீருக்கும் முழுமையாக மூடியதாகும் என்று அந்த நிறுவனமே கையேட்டில் சொல்கிறது. அப்படிப்பட்ட லென்ஸ் வைத்திருப்பவர் நல்ல யூவி ஒன்றை வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

நல்ல யூவி என்று அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. மேற்பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். ஃபில்டருக்கு இரண்டு பரப்பு, ஆக 8. பல அடுக்குப் பூச்சு உள்ளவற்றில் இது ஒரு பரப்புக்கு அரை சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். இதில் டிஜிட்டலுக்கென்று ஒரு தனித் தொல்லையும் இருக்கிறது. சென்சாரின் மேற்பரப்பு ஃபிலிமைவிடப் பளபளப்பானது. இரவில் தெருவிளக்கை எடுக்கும்போது, சென்சாரில் பட்ட ஒளி லென்ஸ் வழியே திரும்பி, தட்டையான ஃபில்டரின் பின்புறத்தில் மோதி, மறுபடி சென்சாருக்கே வரும். விளக்கின் மங்கலான பிம்பம் ஒன்று, படத்தின் மையத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தில், தலைகீழாக மிதக்கும். உங்கள் ஃபில்டர் எப்படி என்று இன்றிரவே பார்த்துவிடலாம். அறையை இருட்டாக்குங்கள். ஃபோன் டார்ச்சை எரியவிட்டு, அது படத்தின் ஒரு மூலையில் வருமாறு கேமராவை வையுங்கள். ஃபில்டரோடு ஒன்று, கழற்றிவிட்டு ஒன்று எடுத்து எதிர் மூலையைப் பாருங்கள். அங்கே இரண்டாவது விளக்கு தெரிந்தால் அந்த ஃபில்டர் புதுக் கேமராவுக்கு வேண்டாம். தொலைநோக்கு லென்ஸ் வைத்திருப்பவர்கள் பகலில் இன்னொன்றையும் செய்துபார்க்க வேண்டும். ட்ரைபாடில் வைத்து, எதிர்வீட்டுச் செங்கல் சுவரையோ சுவரொட்டியையோ ஃபில்டரோடும் இல்லாமலும் எடுத்து, முழு அளவில் பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணாடி தட்டையாக இல்லாவிட்டால் 400 மி.மீ. லென்ஸ் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். பழைய 12 மெகாபிக்சலில் ஒளிந்துகொண்ட குறை 45 மெகாபிக்சலில் ஒளியாது.

போலரைசர் கதை வேறு. என்னைக் கேட்டால், பையில் உள்ளவற்றில் கடைசிவரை கைவிடக்கூடாதது இதுதான்.

ஒளி அலை தான் செல்லும் திசைக்குக் குறுக்காக எல்லாப் பக்கமும் அதிரும். நீரிலோ கண்ணாடியிலோ இலையின் மெழுகுப் பரப்பிலோ பட்டுத் தெறித்தால், ஒரே வாக்கில் அதிரும் ஒளி மிகுந்துவிடுகிறது. ஒரு குறிப்பிட்ட வாக்கில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாளை மலிவாகச் செய்ய வழி கண்டவர் அமெரிக்கரான எட்வின் லேண்ட். 1929-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பிற்பாடு போலராய்டு நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவரே. அந்தத் தாளை இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்துச் சுழலும் வளையத்தில் பொருத்தியதுதான் போலரைசர். குளத்தைப் பார்த்து நின்று, பார்வை நீர்ப்பரப்போடு 37 டிகிரியை ஒட்டிய சாய்வில் இருக்கும்போது வளையத்தைத் திருப்பினால், நீர்மேல் மின்னும் வானம் அப்படியே அணைந்து, அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும். வானத்தில் இதன் வேலை எங்கே பலிக்கும் என்று பார்க்கக் கையே போதும். சுட்டுவிரலைச் சூரியனை நோக்கி நீட்டி, கட்டைவிரலை அதற்குச் செங்கோணமாக விரியுங்கள். மணிக்கட்டைச் சுழற்றினால் கட்டைவிரல் தொட்டுச் செல்லும் பட்டையில்தான் நீலம் அதிகமாக ஆழமாகும். அகலக்கோண லென்ஸில் அந்தப் பட்டை மட்டும் கறுத்து மற்ற இடம் வெளிறித் தெரிவதும் இதனால்தான். உலோகப் பளபளப்பு போலரைசருக்கு மசியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக் குத்துவிளக்கின் மினுக்கத்தை அடக்க இதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதில் பயனில்லை.

இதைக் கணினியில் செய்ய முடியுமா? வானத்தை நீலமாக்கலாம். நீருக்கடியில் இருந்த கல் படத்தில் பதியவே இல்லை என்றால் எங்கிருந்து எடுப்பது?

பாடி மாறும்போது வேடிக்கையான ஒரு திருப்பம் இங்கேதான் வருகிறது. போலரைசரில் லீனியர், சர்க்குலர் என இரண்டு வகை. எஸ்எல்ஆர், டிஎஸ்எல்ஆர் கேமராக்களின் மிரர் நடுவில் பாதி ஒளியைக் கடத்தும். கடந்த ஒளி அடியில் உள்ள ஆட்டோஃபோகஸ் சென்சாருக்குப் போகும். ஒளி எந்த வாக்கில் அதிர்கிறது என்பதைப் பொறுத்து அந்த அரைமிரர் கடத்தும் அளவும் தெறிக்கும் அளவும் மாறும். லீனியர் போலரைசர் மாட்டினால் வெளிச்ச அளவீடும் ஃபோகஸும் தடுமாறக் காரணம் இது. அதனால் தாளுக்குப் பின்னால் கால் அலைத் தகடு என்ற இன்னொரு அடுக்கை வைத்து, வடிகட்டிய ஒளியைச் சுழன்று செல்லும்படி மாற்றி அனுப்பினார்கள். அதுதான் சர்க்குலர். ஆட்டோஃபோகஸ் பரவியதும் பழைய லீனியர் போலரைசர்கள் அலமாரிக்குள் போய்விட்டன. மிரர்லெஸ் கேமராவில் மிரரே இல்லை. ஃபோகஸையும் அளவீட்டையும் சென்சாரே பார்த்துக்கொள்கிறது. ஆக, பத்திருபது ஆண்டு அலமாரியில் கிடந்த லீனியர், மிரர்லெஸ் வாங்கியவர் கையில் மறுபடி வேலைக்கு வந்துவிடுகிறது. சந்தையில் அதற்கு மதிப்பில்லாததால் பழைய பொருள் விற்பவர்களிடம் மிக மலிவாகவும் கிடைக்கும். சோனியின் ஏ77, ஏ99 போல அசையாத அரைமிரர் வைத்த கேமராக்களுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை.

வளையத்தில் எழுத்து அழிந்துவிட்டதா? எந்த வகை என்று முகம் பார்க்கும் கண்ணாடி சொல்லும். ஃபில்டரைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து, அதன் வழியே கண்ணாடியில் தெரியும் ஃபில்டரின் பிம்பத்தைப் பாருங்கள். பிறகு ஃபில்டரை முன்பின் திருப்பிப் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் பிடித்தால் பிம்பம் கறுப்பாகவும், மறுபக்கம் பிடித்தால் தெளிவாகவும் இருந்தால் சர்க்குலர். இரண்டு பக்கமும் தெளிவாகவே தெரிந்தால் லீனியர். சர்க்குலரில் கால் அலைத் தகடு கண்ணாடியை நோக்கி இருக்கும்போது, போய்த் திரும்பும் ஒளி தாளுக்குக் குறுக்கு வாக்கில் வந்து நின்றுவிடுகிறது. கறுப்பு அதனால்தான்.

ஆனால் போலரைசருக்கு ஆயுள் உண்டு. உள்ளே இருப்பது அயோடின் ஏற்றி இழுத்த பிளாஸ்டிக் படலம். வெப்பமும் ஈரமும் அதற்கு ஆகாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்தவை பழுப்பேறியிருக்கும், அல்லது ஓரத்தில் ஒட்டு விட்டு வானவில் வளையம் தெரியும். வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பார்த்தால் சாம்பல் நிறமாகத் தெரிய வேண்டும். மஞ்சளாகத் தெரிந்தால் அதற்கு ஓய்வு கொடுத்துவிடலாம்.

அடுத்து என்டி ஃபில்டர். நிறத்தைத் தொடாமல் ஒளியைக் குறைப்பது மட்டும்தான் இதன் வேலை. என்டி 8 மூன்று ஸ்டாப், என்டி 64 ஆறு, என்டி 1000 பத்து. 1/60 நொடியில் எடுக்கவேண்டிய படத்தை, பத்து ஸ்டாப் மாட்டினால் பதினேழு நொடிக்கு இழுக்கலாம். அருவி பஞ்சாகும், அலை பனிமூட்டமாகும்.

புதுக் கேமரா சில என்டிகளின் வேலையைப் பறித்துவிட்டது என்பது உண்மைதான். நடுப்பகல் வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 16 என்றால் ஷட்டர் 1/100 நொடியை ஒட்டி வரும். எஃப் 1.4 வரை திறந்து முகம் எடுக்க வேண்டுமானால் ஏழு ஸ்டாப் கூடி, 1/12800 வேண்டும். 1/4000-இல் நின்றுவிடும் பழைய பாடிக்கு அது எட்டாது, என்டி வேண்டும். எலெக்ட்ரானிக் ஷட்டரில் 1/16000, 1/32000 வரை போகும் பாடிக்குத் தேவையில்லை. ஒலிம்பஸ் 2019-இல் எம்1எக்ஸ் கேமராவில், பல படங்களை உள்ளேயே சேர்த்து என்டி விளைவைத் தரும் வசதியையும் வைத்துவிட்டது. ஆனால் வெயிலில் ஃபிளாஷ் போட்டு எடுப்பவருக்கு ஷட்டர் பொதுவாக 1/250-ஐத் தாண்டாது. அவருக்கு என்டி இன்றும் வேண்டும்.

இன்னொரு பக்கம், புதுக் கேமரா என்டிக்குப் புதிய வேலையையும் கொடுக்கிறது. பழைய பாடியில் ஸ்டில் மட்டும் எடுத்துக்கொண்டிருந்தவர் புதியதில் வீடியோ எடுக்கத் தொடங்குவார். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் அசைவு இயல்பாகத் தெரிய ஷட்டரை 1/50-இல் வைப்பது வழக்கம். அதே மதிய வெயில், எஃப் 2.8 என்று கணக்குப் போட்டால் ஆறு ஸ்டாப் அதிகம். பையில் என்டி 8 இரண்டு இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகுங்கள். எட்டெட்டு அறுபத்துநான்கு, கணக்குச் சரியாகிவிட்டது. லாக் முறையில் பதிவு செய்தால் சில கேமராக்கள் ஐஎஸ்ஓ 800-க்குக் கீழே இறங்காது. அப்போது இன்னும் மூன்று ஸ்டாப் தேவைப்படும்.

பழைய கடும் என்டிகளில் எம்8-இன் வியாதி தலைகாட்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பத்து ஸ்டாப் அடக்கிவிட்டு அகச்சிவப்பைத் தாராளமாக விட்டால், சென்சார்த் தகடு தடுத்தும் மிஞ்சும் அகச்சிவப்பு கறுப்பைச் செம்பழுப்பாக்கிவிடும். கறுப்புக் குடை ஒன்றை வெயிலில் வைத்து எடுத்துப்பாருங்கள், தெரிந்துவிடும்.

நிற ஃபில்டர்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பகல் ஃபிலிமைக் குண்டு பல்பு வெளிச்சத்துக்குப் பொருத்தும் நீல 80ஏ, அதற்கு மாறான ஆரஞ்சு 85பி முதலியவற்றின் வேலையை ஒயிட் பேலன்ஸ் எடுத்துக்கொண்டது. 80ஏ இரண்டு ஸ்டாப் ஒளியை வேறு தின்னும். கறுப்புவெள்ளைக்கான சிவப்பு ஃபில்டரும் சாதாரண டிஜிட்டலில் நட்டம்தான். கோடாக்கின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பில், சென்சாரின் புள்ளிகளில் பாதி பச்சை, கால்வாசி சிவப்பு, கால்வாசி நீலம். சிவப்பை மாட்டினால் கால்வாசிப் புள்ளிகளுக்கு மட்டும்தான் சரியாக ஒளி கிடைக்கும். வண்ணத்தில் எடுத்துக் கணினியில் கறுப்புவெள்ளையாக்குவதே மேல். விதிவிலக்கு, 2012-இல் வந்த லைகா மோனோக்ரோம், 2023-இல் வந்த பென்டாக்ஸ் கே-3 மார்க் 3 மோனோக்ரோம் போன்றவை. இவற்றின் சென்சாரில் நிறப் புள்ளிகளே இல்லை. தாத்தா காலத்து மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு மூன்றும் இவற்றில் முழு மரியாதையோடு வேலை செய்யும்.

அகச்சிவப்பு ஃபில்டர் வைத்திருப்பவருக்கு மட்டும் ஒரு வார்த்தை: பழைய பாடியையும் விற்காதீர்கள். 2004-இன் நிக்கான் டி70 போன்றவற்றில் சென்சார்த் தகடு அகச்சிவப்பை ஓரளவு கசியவிடும். புதிய பாடிகள் பலவற்றில் தடுப்பு இறுக்கம். அதே ஹோயா ஆர்72-ஐ மாட்டிப் பல மடங்கு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகு அளவு ஒத்துவர வேண்டும். லென்ஸின் முன்வளையத்தில், வட்டத்தைச் சாய்கோடு வெட்டும் குறிக்குப் பக்கத்தில் இருக்கும் எண்தான் ஃபில்டரின் விட்டம். லென்ஸ் மாறாமல் பாடி மட்டும் மாறினால் கவலையில்லை. கேனன் 18-55 கிட் லென்ஸில் 58 மி.மீ. இருந்தவர், ஃபுல்ஃபிரேமுக்குப் போய் 24-70 எஃப் 2.8 வாங்கினால் 82-க்குத் தாவிவிடுகிறார். சின்ன மூடி பெரிய பானைக்கு ஆகாது. பெரியதைச் சின்னதில் மாட்ட ஸ்டெப்-அப் ரிங் உண்டு, விலையும் அற்பம். அதனால் புதிதாக வாங்குபவர் தன்னிடம் உள்ள மிகப் பெரிய லென்ஸின் அளவுக்கே போலரைசரும் என்டியும் வாங்கிவிடுவது கெட்டிக்காரத்தனம். ரிங் போட்டால் சின்ன லென்ஸின் ஹுட் பொருந்தாது என்பது ஒன்றுதான் இடைஞ்சல். சிறிய சென்சாரிலிருந்து ஃபுல்ஃபிரேமுக்கு மாறுபவர்கள் மூலைகளையும் கவனிக்க வேண்டும். அதே லென்ஸ், அதே தடித்த வளையம்தான். ஆனால் முன்பு பிம்பத்தின் நடுப்பகுதி மட்டும் பதிந்தது, இப்போது ஓரமும் பதிகிறது. அகலக்கோணத்தில் வளையமே மூலையில் நிழலாக விழும்.

கழற்ற வராத ஃபில்டரோடு மல்லுக்கட்ட வேண்டாம். விரலால் இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க அலுமினிய வளையம் முட்டை வடிவமாகி இன்னும் கவ்விக்கொள்ளும். கழுவிக் காயவைத்த ரப்பர் செருப்பின் அடிப்பக்கத்தை வளையத்தின்மேல் சமமாக வைத்து, மெதுவாக அழுத்தித் திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும். வந்ததும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்குச் சிலந்திவலை போலப் பூஞ்சை பூத்திருந்தால் அந்த ஃபில்டரைப் புது லென்ஸ் இருக்கும் பெட்டியில் போட்டுவைக்காதீர்கள்.

விற்பதில் பெரிய காசு தேறாது. 58 மி.மீ. யூவிக்குத் தனியாக யாரும் விலை பேச வரமாட்டார்கள். பழைய கிட் லென்ஸை விற்கும்போது கூடவே கொடுத்துவிடலாம். ஆனால் மாட்டியபடி காட்டாதீர்கள். ஃபில்டரைக் கண்டதும் வாங்குபவருக்கு உள்ளே கீறல் இருக்குமோ என்று சந்தேகம் வரும். டார்ச் அடித்துப் பார்ப்பார். அவர் கண்ணில் முதலில் படுவது ஃபில்டரின் தூசியும் கறையும்தான், விலையைக் குறைக்கச் சொல்வதோ லென்ஸுக்கு.